ஒன்பது பேருக்கு ஒரே இதயம்

எல்லாருக்கும் இதயம் இருக்கிறது என்ற நம்பிக்கையில் ஓடுகிற தொழில் எங்களுடையது. ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி வட்டாரத்து ஃபேக்டரிகளுக்கும் சந்தைகளுக்கும் போய், ஆட்களைப் பிடித்து உட்காரவைத்து ஈசிஜி எடுப்பது என் வேலை. முன்பெல்லாம் இதற்கு ஒரு பெரிய மெஷின், பத்து ஒயர், பசை, கட்டில், திரைச்சீலை எல்லாம் வேண்டும். இப்போது சோப்பு டப்பா அளவில் ஒரு கருவி, அவ்வளவுதான். மேலே இரண்டு உலோகத் தகடு. இரண்டு கட்டைவிரலையும் அதில் வைத்து முப்பது வினாடி ஆடாமல் அசையாமல் இருந்தால் என் போனில் கோடு ஓடும். அந்தக் கோடு பெங்களூரில் இருக்கிற டாக்டருக்குப் போகும். அவர் பார்த்து நார்மல் என்றோ அப்நார்மல் என்றோ திருப்பி அனுப்புவார்.

ரத்தம் எடுக்கிற அக்காக்களே, பி.பி. பார்க்கிற தம்பிகளே, கேம்ப் கேம்ப்பாகப் பெட்டி தூக்கித் தோள்பட்டை இறங்கிப்போன சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? ஃபேக்டரி கேம்ப்புக்கு யாரும் இதயத்தைக் காட்ட வருவதில்லை. ஃபிட்னஸ் சீட்டு வாங்க வருகிறார்கள். நார்மல் என்றால் கேட் பாஸ் உண்டு. அப்நார்மல் என்றால் காண்ட்ராக்ட் ஆள் மறுநாளே கேட்டுக்கு வெளியே. கீழே வரும் முதல் சங்கதி சும்மா சிரிப்பதற்கு. மற்றதெல்லாம் போன வருஷம் மூக்கண்டப்பள்ளிப் பக்கம் ஒரு ஃபேக்டரியில் நடந்தது. அதில் முனிராஜ் என்ற ஒருவனின் உயிரும் வேலையும் சேர்ந்து மாட்டிக்கொண்டன. மாட்டிவிட்டதில் எனக்கும் பங்கு உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ரேகை விழலையா?

குந்தாரப்பள்ளி சந்தையில் இலவச கேம்ப். ஒரு பக்கம் மாடு, ஒரு பக்கம் ஆடு, நடுவில் நானும் என் பந்தலும். ஆடு விற்றுவிட்டு வந்த ஒரு அம்மாவை உட்காரவைத்துக் கருவியை நீட்டினேன். அந்தம்மா கட்டைவிரலைத் தலைமுடியில் நாலு தேய்ப்புத் தேய்த்து, முந்தானையில் துடைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு தகட்டில் ஒரு அழுத்து அழுத்தினார் பாருங்கள், கருவி உடையாமல் இருந்ததே பெரிசு. ரேஷன் கடையில் ரேகை வைத்து வைத்து இந்த ஊரில் எல்லாக் கட்டைவிரலுக்கும் அதே பழக்கம். லேசாக வையுங்கள் என்றால் நம்மைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

களை வெட்டிக் காய்த்துப்போன கை. கோடு தாறுமாறாகக் குதித்தது. தண்ணீர் தொட்டு வைக்கச் சொன்னேன், அப்போதும் குதித்தது. மூன்றாவது தடவையும் நான் உதட்டைப் பிதுக்கியதும் அந்தம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னாம்மா, ரேகை விழலையா? செத்த இரு, எம் மருமவளைக் கூட்டியாறேன். ரேஷன் கடையில எங்க வூட்டுக்கே அவ விரலுதான் விழும்."

பத்து செகண்ட் போதும்

மூக்கண்டப்பள்ளி ஃபேக்டரிக்கு வருவோம். வண்டிகளுக்கு அலுமினியத்தில் பாகம் வார்க்கிற கம்பெனி. மூன்று நாள் கேம்ப், நானூறு பேர். அங்கே எச்.ஆர். அதிகாரி ஒருவர். பளபளவென்று சட்டை, மணிக்கட்டில் அதைவிடப் பளபளவென்று ஒரு வாட்ச். அந்த வாட்சே ஈசிஜி எடுக்குமாம். முதலில் அவருக்குத்தான் எடுக்கவேண்டும் என்றார். எடுத்தேன். வாட்சிலும் எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, என் கருவியில் கோடு கொஞ்சம் குட்டையாக இருக்கிறதே என்று வருத்தப்பட்டார். அவருக்காக உயரமாகவா வரைய முடியும்?

அவருக்கு மட்டும் மூன்று தடவை எடுத்ததில் கால் மணி நேரம் போனது. வெளியே வரிசை கேன்டீன் வரைக்கும் நின்றது. அதைப் பார்த்ததும் மனிதருக்கு உற்பத்தி ஞாபகம் வந்துவிட்டது. நானூறு பேர், ஆளுக்கு முப்பது வினாடி, உட்கார ஒரு நிமிஷம், எழுந்திருக்க ஒரு நிமிஷம் என்று விரல்விட்டுப் பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு யோசனை சொல்கிற முகத்தோடு சொன்னார்:

"மேடம், முப்பது செகண்டெல்லாம் எதுக்கு? பத்து போதும். ஹார்ட்டு அடிச்சதையேதானே திருப்பித் திருப்பி அடிக்குது."

லைனை நிறுத்தாதீங்க

இரண்டாம் நாள்தான் நான் செய்யக்கூடாத வேலையைச் செய்தேன். ஃபர்னஸ் பக்கத்தில் உருகின அலுமினியத்தைக் கரண்டியில் மொண்டு அச்சில் ஊற்றுகிற ஆட்கள் பத்துப் பேர். அவர்கள் வெளியே வந்தால் லைன் நின்றுவிடும். நான் உள்ளே போகலாம் என்றால் சேஃப்டி ஷூ வேண்டும். என் கால் அளவுக்கு அந்தக் கம்பெனியில் ஷூ கிடையாது, எல்லாம் ஆம்பளை சைஸ். சூப்பர்வைசர் வந்து நின்றார். "கருவியையும் போனையும் குடுங்க மேடம், நானே எடுத்துட்டு வர்றேன்" என்றார். எச்.ஆரும் தலையாட்டினார்.

எங்கள் ஏஜென்சி முதலாளி இந்தக் கருவியை வாங்கின நாளிலிருந்து வாய் ஓயாமல் பீற்றிக்கொள்கிற ஒரே விஷயம், இதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதுதான். அப்புறம் எனக்கு எதற்குச் சம்பளம் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. சரி, அவரே சொல்கிறாரே என்று கொடுத்துவிட்டேன். கொடுத்துவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? கேன்டீனில் சூடாக போண்டா போட்டிருந்தார்கள், உட்கார்ந்து தின்றேன். இன்றைக்கும் போண்டாவைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

முக்கால் மணி நேரத்தில் பத்துப் பேரையும் முடித்துக் கொண்டுவந்தார். போனைப் பார்த்தேன். ஒரு குதிப்பு இல்லை, ஒரு நடுக்கம் இல்லை, அச்சடித்த மாதிரி பத்துக் கோடு. நான் எடுத்தால்கூட இவ்வளவு சுத்தமாக வராது. நிறுத்தி நிதானமாகக் கோட்டைப் படிக்காமல், அதன் அழகைப் பார்த்து அசந்துபோய், சபாஷ் என்று வேறு சொல்லித்தொலைத்தேன். மனிதர் ஹெல்மெட்டைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"நானே இவ்ளோ சீக்கிரம் எடுத்துட்டேன். அப்புறம் உங்களை எதுக்கு மேடம் வண்டி வெச்சுக் கூட்டியாறாங்க?"

டாக்டருக்கு வந்த சந்தேகம்

மறுநாள் காலையில் பெங்களூர் டாக்டரிடமிருந்து போன். அவர் கன்னடக்காரர். எனக்காகத் தமிழில் ஆரம்பிப்பார், கோபம் வந்தால் கன்னடத்துக்குத் தாவிவிடுவார். அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே கன்னடம். ஃபர்னஸ் ஆட்கள் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஒரே கோளாறாம். பிறவியிலேயே இதயத்தில் ஒரு கூடுதல் ஒயர் இருக்கும், கரண்ட் நேர்வழியில் போகாமல் குறுக்கே பாயும், கோட்டைப் பார்த்தாலே தெரியும் என்றார். சாதாரணமாக ஒன்றும் செய்யாது. ஆனால் என்றைக்காவது ஒருநாள் இதயம் திடீரென்று தறிகெட்டு ஓட ஆரம்பித்தால் ஆள் நின்ற இடத்திலேயே மயங்கி விழுவான். உயிரே போகலாம். எங்கேயாவது எப்போதாவது ஒருவருக்கு இருக்கிற சமாசாரம் இது.

உருகின அலுமினியத்தைக் கையில் வைத்திருக்கிற ஆட்கள் அவர்கள். பத்தாவது ஆள் மட்டும் நார்மல். பெயர் முனிராஜ். இந்த போன் வருவதற்கு முன்பே ரிப்போர்ட் தானாகவே எச்.ஆருக்கும் போய்விட்டிருந்தது. அவர் என்னைக் கேட்கவுமில்லை, டாக்டரைக் கேட்கவுமில்லை. அரைமணி நேரத்தில் ஒன்பது பேரின் கேட் பாஸும் போச்சு. முனிராஜை மட்டும் ஒன்பது பேர் வேலைக்கும் சேர்த்து நிறுத்திவிட்டார்கள். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல டாக்டர் குறுக்கே புகுந்தார்:

"ஏன்ரீ மேடம் இது? இருபத்திரெண்டு வயசு ஒருத்தர், அம்பத்திரெண்டு வயசு ஒருத்தர், ஒன்பது பேருக்கும் ஒரே கோடு. ஒரே தாய் வயித்துல பொறந்தாலும் இப்பிடி வராது. நீங்க யாரோட ஹார்ட்டை எடுத்தீங்க?"

கேட்டுக்கு எதிரில் டீக்கடை

ஒன்பது பேரும் கேட்டுக்கு எதிரில் இருந்த டீக்கடையில் டிபன் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். காலையில் வேலைக்கென்று கிளம்பி வந்தவர்கள், வீட்டுக்கும் போக முடியாமல் நின்றார்கள். நான் பெஞ்சிலேயே ஒவ்வொருத்தராக உட்காரவைத்து மறுபடி எடுத்தேன். டாக்டர் போனிலேயே இருந்தார். முதல் ஆள் நார்மல். இரண்டாவது நார்மல். ஐந்தாவது ஆளுக்கு வரும்போதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது, பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்பதையும் முடித்தேன். ஒன்பதும் நார்மல்.

"கருவியில நேத்து விரல் வெச்சது யாரு?" என்றேன். ஒருத்தன் டீயைப் பார்த்தான், ஒருத்தன் ரோட்டைப் பார்த்தான். அவர்களில் மூத்தவர் பசவராஜ், கன்னடம் கலந்து பேசுகிற தளி பக்கத்துக்காரர், கையில் வெறும் கிளாஸை உருட்டிக்கொண்டிருந்தார். நான் கத்தினேன். ஆமாம், நடுரோட்டில் நின்று கத்தினேன். "உங்க வேலை போனா வேற கம்பெனி இருக்குதுய்யா. இங்க இல்லாதவன் முனிராஜ் ஒருத்தன்தான், அவன் இப்ப உள்ள கரண்டியைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான். மயக்கம் வந்தா எதுக்குள்ள விழுவான்னு நெனச்சுப் பாருங்க!" என்றேன். டீக்கடைக்காரர்கூட அடுப்பைச் சிறிசாக்கிவிட்டு நின்றுவிட்டார்.

பசவராஜ்தான் வாயைத் திறந்தார். போன வருஷம் பி.பி. என்று சொல்லி இரண்டு பேரை வெளியே அனுப்பியிருக்கிறார்கள். அதனால் இந்த வருஷம் ஆளாளுக்கு பயம். ஒருத்தருக்கு ராத்திரி குடித்தது காட்டிக்கொடுத்துவிடுமோ என்று, ஒருத்தருக்கு பீடி, ஒருத்தருக்கு வயசு. சூப்பர்வைசர் கருவியைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வைத்துவிட்டு தன் போனில் ஏதோ படம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். பத்துப் பேரிலும் நல்ல கட்டுடம்பு யாருக்கு என்று பார்த்து, கபடி ஆடுகிற முனிராஜை உட்காரவைத்து, ஒன்பது பெயருக்கும் அவன் விரலையே வைத்துவிட்டார்கள். பத்தாவதாக அவன் பெயர் வந்தபோது அச்சு மாற்ற அவனை யாரோ கூப்பிட்டார்கள், அவன் ஓடிவிட்டான். காலியாகக் கிடந்த கருவியில் சும்மா தொட்டுப் பார்ப்போமே என்று விரல் வைத்தவர் பசவராஜ். முனிராஜ் பெயரில் நார்மல் என்று வந்தது இந்த அம்பத்திரண்டு வயசு இதயம்தான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு மனிதர் கண் கலங்க என்னைப் பார்த்தார்:

"நோடி மேடம், பாருங்க, எங்களுக்குள்ள நல்ல ஹார்ட்டு அவனோடதுதான்னு நம்பித்தான் வெச்சோம். கெட்ட எண்ணம் சத்தியமா இல்ல."

அது வேகம்னு நெனச்சேன்

செக்யூரிட்டியிடம் சண்டை போட்டு, வீட்டில் யாருக்கோ சீரியஸ் என்று பொய் சொல்லி முனிராஜை வெளியே வரவழைத்தோம். சூளகிரிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அப்பா அம்மா கூலிவேலை, குடும்பத்தில் முதல் ஃபேக்டரி ஆள் இவன்தான். வரப்போகிற மார்ச்சில் பர்மனென்ட் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்களாம். மணிக்கட்டெல்லாம் தீப்புள்ளி. வந்தவன் வீட்டில் யாருக்கு என்ன என்று பதறினான். உனக்குத்தான் என்று உட்காரவைத்து எடுத்தேன். முப்பது வினாடியில் அந்த அழகான கோடு மறுபடி வந்தது. என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

படபடப்பு வந்ததுண்டா என்று டாக்டர் போனில் கேட்டார். இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னான். மயக்கம்? இல்லை. மார்வலி? இல்லை. கபடி ஆடும்போது என்று நான் எடுத்துக்கொடுத்தேன். அப்போது மட்டும் யோசித்தான். சில நேரம் நெஞ்சு தடதடவென்று ஓட ஆரம்பித்தால் நிற்காதாம், கண் இருட்டுமாம், குந்தி உட்கார்ந்து மூச்சைப் பிடித்தால் டக்கென்று நின்றுவிடுமாம். இதை ஏன்டா யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, வெட்கப்பட்டுச் சிரித்தான்:

"அது எதிர் டீம் கோட்டுக்குள்ள ரைடு போறப்ப எனக்கு வர வேகம்னு நெனச்சேங்க்கா. எங்க டீம்ல வேற யாருக்கும் வரல, எனக்கு மட்டும் வருதேன்னு பெருமையா இருந்துச்சு."

நான் எழுதின ஒரு வரி

டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். கால் ரத்தக்குழாய் வழியாகக் கம்பி விட்டு இதயத்துக்குள்ளே போய் அந்தக் கூடுதல் ஒயர் இருக்கிற இடத்தைச் சுட்டுவிட்டால் முழுக்கச் சரியாகிவிடும். அதுவரை ஃபர்னஸ் பக்கம் காலே வைக்கக்கூடாது. தன் ஆஸ்பத்திரியிலேயே தேதி வாங்கித் தருவதாகச் சொன்னார். வரிசையில் ஐந்து வாரம் காத்திருக்கவேண்டும். முனிராஜ் அன்றைக்கே, வீட்டில் சீரியஸ் என்று நாலு நாள் லீவு சொல்லிவிட்டு ஊருக்குப் போனான்.

இப்போது நான் ஃபேக்டரிக்கு ஒரு தாள் எழுதிக் கொடுக்கவேண்டும். உண்மையை எழுதினால் ஆள்மாறாட்டம் என்று ஒன்பது பேரையும் நிரந்தரமாக வெளியே தள்ளுவார்கள். காலில் விழாத குறையாகக் கெஞ்சினார்கள். கருவியை வேறு ஆள் கையில் கொடுத்தது நான் என்பதும் அதிலேயே வந்துவிடும். ஆக எனக்கும் உண்மை வசதியாக இல்லை. "ஒன்பது பேர், மறுபரிசோதனையில் நார்மல்" என்று ஒரே வரி எழுதினேன். முனிராஜைப் பற்றி மூச்சுவிடவில்லை. லீவில் போகிறான், சரியாகிவிட்டு வரப்போகிறான், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். எங்கள் முதலாளி போனில் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு நிம்மதியாக மூச்சுவிட்டார்:

"ரொம்ப நல்லாருக்குது சரளா. கருவி தப்புன்னும் இல்ல, நாம தப்புன்னும் இல்ல. யாருமே தப்பு இல்லாம ஒரு ரிப்போர்ட் எழுதறது ஒரு கலை."

ஷீல்டு

இரண்டு மாதம் கழித்து அதே ஃபேக்டரியில் பாதுகாப்பு வார விழா. எங்கள் ஏஜென்சிக்கு ஒரு ஷீல்டு கொடுக்கிறார்கள், நீங்களே போய் வாங்கிக்கொள்ளுங்கள் என்று முதலாளி அனுப்பினார். பந்தல், பூ, ஸ்பீக்கர். எச்.ஆர். மேடையேறிப் பேசினார். நமது ஆரோக்கிய முகாமில் ஒன்பது தொழிலாளர்களுக்குத் தீவிரமான இதயக் கோளாறு கண்டுபிடிக்கப்பட்டு, நிர்வாகத்தின் உடனடி நடவடிக்கையால் ஒன்பது பேரும் ஒரே நாளில் முழுமையாகக் குணமடைந்தார்கள் என்றார். கைதட்டல். ஒன்பது பேரையும் மேடைக்குக் கூப்பிட்டு ஆளுக்கொரு ரோஜா கொடுத்தார்கள். பசவராஜ் அந்த ரோஜாவை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தார். எனக்கு ஷீல்டு. வெட்கமில்லாமல் வாங்கினேன், பல்லைக் காட்டி போட்டோவுக்கும் நின்றேன்.

வெளியே வந்தால் கேட்டுக்குப் பக்கத்தில் முனிராஜ் நிற்கிறான். கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஆஸ்பத்திரி ஃபைல். போன வாரம் எல்லாம் முடிந்து, இனி எந்த வேலையும் செய்யலாம் என்று பெரிய டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆனால் அவன் பாஸ் வேலை செய்யவில்லை. கம்ப்யூட்டரில் அவனுக்கு நோயே கிடையாது, முகாமில் நார்மல் என்று இருக்கிறது. நோய் இல்லாதவன் ஏழு வாரம் ஏன் வரவில்லை? வேலையை விட்டு ஓடிவிட்டான் என்று எழுதிவிட்டார்கள். மூன்று நாளாகக் காலையில் வந்து நின்றுவிட்டு சாயங்காலம் திரும்பிப் போகிறானாம். நோயே இல்லாத ஒன்பது பேர் குணமாகிவிட்டார்கள், நிஜமாகவே குணமாகி வந்தவன் ஓடிப்போனவன். எல்லாம் நான் எழுதின ஒரு வரியால். அவன் என்னைப் பார்த்ததும் சந்தோஷமாகச் சிரித்தான்:

"வாங்கக்கா! உள்ள என்னா விசேஷம்? கை தட்ற சத்தம் இங்க வரைக்கும் கேட்டுது."

மேஜை மேல் ஒரு தாள்

அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. திரும்ப உள்ளே போனேன். எச்.ஆர். அறையில் உட்கார்ந்து, அவர் பேனாவையே வாங்கி, நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதினேன். கருவியை நான் கொடுத்தது உட்பட எல்லாம், போண்டா தின்றது மட்டும் தவிர. ஒன்பது பெயரில் இருப்பது முனிராஜின் கோடு, முனிராஜ் பெயரில் இருப்பது வேறொருவர் கோடு, தவறு என்னுடையது, முனிராஜ் சிகிச்சைக்காகப் போனான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் படித்தார். முகம் போன போக்கு இருக்கிறதே! அந்த நேரத்தில் அவர் வாட்ச் என்ன காட்டியிருக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது.

கம்பெனியிடம் சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வரப்போகிற மாதம் அது. ஃபர்னஸ் பக்கம் ஆள்மாறி ஈசிஜி எடுத்தார்கள் என்று ஒரு தாள் ஃபைலில் இருந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தண்ணீர் குடித்தார். கதவைச் சாத்தினார். முனிராஜை உடனே சேர்த்துக்கொள்ளலாம், விடுபட்ட நாட்களை மருத்துவ விடுப்பு என்று போடலாம், இந்தத் தாள் மட்டும் ஃபைலுக்குப் போகவேண்டாம் என்றார். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஆனால் வெளியே ஒருவன் மூன்று நாளாக நிற்கிறான். முதலில் பாஸ் வரட்டும், அப்புறம் பேசலாம் என்று அசையாமல் உட்கார்ந்தேன். பாஸ் வந்தது. முனிராஜ் உள்ளே போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டாக்டர் கொடுத்த சான்றிதழின் நகலை அவன் ஃபைலில் சேர்க்கச் சொல்லி, சேர்த்ததையும் பார்த்தேன். ஒன்பது பேர் பெயரையும் நான் எழுதாத அந்தத் தாளின் நகலை டாக்டருக்கும் ஏற்கெனவே அனுப்பிவிட்டேன் என்று அப்புறம்தான் அவரிடம் சொன்னேன். அவர் மேஜை மேல் நான் வைத்த ஷீல்டையே பார்த்துக்கொண்டிருந்தார்:

"நீங்க மேடம், அந்த ஒன்பது பேரும் சும்மாவே நல்லாத்தான் இருந்தாங்கன்னு எழுதிட்டீங்களே. இனிமே நான் யாரைக் குணப்படுத்தினேன்னு சொல்றது?"

இந்த வருஷம்

எதிர்பார்த்தபடியே அந்த ஃபேக்டரிக்கு இந்த வருஷம் எங்களைக் கூப்பிடவில்லை. வேறு ஏஜென்சி போனது. எங்கள் முதலாளி என்னிடம் பத்து நாள் பேசவில்லை. அது எனக்கு நல்ல ஓய்வாக இருந்தது. போன மாதம் மூக்கண்டப்பள்ளி பஸ் நிறுத்தத்தில் முனிராஜைப் பார்த்தேன். பர்மனென்ட் இன்னும் ஆகவில்லை, அடுத்த மார்ச் என்கிறார்களாம். ஆனால் கன்னத்தில் சதை போட்டிருந்தான், மறுபடி கபடி ஆடுகிறானாம், நெஞ்சு ஓடுவதில்லையாம். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பஸ் நிறுத்தமாவது ஒன்றாவது.

கேம்ப் எப்படிப் போச்சு என்று கேட்டேன். புதுசாக வந்தவர்களும் அதே மாதிரி சோப்பு டப்பாதான் கொண்டுவந்தார்களாம். அதே சூப்பர்வைசர் அதே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கொண்டுபோய் வைத்தாராம். எனக்குப் பகீரென்றது. அவன் விழுந்து விழுந்து சிரித்தான்:

"ஒன்பது பேரும் என்கிட்டதான் வந்தாங்கக்கா. 'உன்னோடது பெங்களூர்ல சர்வீஸ் பண்ணின ஹார்ட்டுடா, இப்ப எங்க எல்லாத்துக்கும் மேல கண்டிஷன்ல இருக்குது, இந்த வருஷமும் நீயே வெச்சிடு'ன்னாங்க. அவங்கவங்க கட்டைவிரலை அவங்கவங்களே எடுத்துட்டு வாங்கடான்னு வெரட்டிட்டேன். முதல்ல உக்காந்தது பசவராஜ் அண்ணன்தான்."

எந்த இதயத்தையும் முப்பதே வினாடியில் படித்துவிடுகிற கருவி என் பையில் இருக்கிறது. அது இன்னாருடைய இதயம் என்று ஒரு தாளில் எழுதத்தான் எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.